பட்டறை பதில்கள்: சேம்பர் அடிபட்ட ஆல்ட்டோவும் இன்னும் சில கேள்விகளும்

ஆடி மாதம் முடிந்தால் போதும், சேம்பர் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) அடிபட்ட கடிதங்கள் வரிசை கட்டி வரும். குலதெய்வம் கோயில்கள் எல்லாம் தார் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளேதானே இருக்கின்றன! இந்த முறை வந்தவற்றில் திண்டுக்கல் கடிதம் நீளம், பதில் அதைவிட நீளம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், என் வண்டி 2013 ஆல்ட்டோ 800. ஆடி வெள்ளிக்கு ஐந்து பேர் ஏறி, டிக்கியில் பொங்கல் பானை, அரிசி, விறகு எல்லாம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். மண் பாதையில் ஒரு கல் டங் என்று அடியில் இடித்தது. கோயில் வாசலில் நிறுத்திப் பார்த்தால் கீழே ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்து கிடந்தது. உள்ளூர் மெக்கானிக் வந்து எம்-சீல் வைத்து அடைத்து, ஆயில் ஊற்றி அனுப்பினார், அதோடு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது ஒருவர் வெல்டிங் வைத்தால் போதும் என்கிறார், சர்வீஸ் சென்டரில் சேம்பரையே மாற்றச் சொல்கிறார்கள், என் மச்சான் "நாமே மாற்றிவிடலாம், பத்துப் பதினைந்து போல்ட்தானே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – திண்டுக்கல் வாசகர்

மச்சான் சொல்வதில் பாதி சரி. சேம்பரை மாற்றுங்கள். நீங்களே மாற்றலாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பட்டறையில் ஆயில் சேம்பர், புத்தகத்தில் ஆயில் சம்ப், பில்லில் ஆயில் பேன், மூன்றும் ஒன்றுதான். இன்ஜினுக்கு அடியில் தொங்கும் தட்டு அது. உங்கள் வண்டியில் சுமார் மூன்று லிட்டருக்குள் ஆயில் பிடிக்கும். அந்தத் தட்டின் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் ஸ்ட்ரெய்னர் என்கிற சல்லடை வாய் இருக்கிறது, ஆயில் பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சிக் குடிக்கிறது. கல் இடித்துத் தட்டு உள்ளே குழிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓட்டையே விழாவிட்டாலும் தட்டின் தரை மேலே ஏறி அந்த வாயை அடைத்துவிடும். ஆயில் நிறைய இருக்கும், பம்புக்குப் போகாது. அதனால்தான் வெல்டிங் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை: ஓட்டை அடைபடும், குழி அப்படியே நிற்கும். தட்டி நிமிர்த்தலாம் என்பார்கள், நிமிர்த்தலாம்தான், ஆனால் மெல்லிய தகட்டில் நெருப்புக் காட்டினால் ஓரத்து விளிம்பு நெளியும், நெளிந்த விளிம்பில் என்ன பசை போட்டாலும் ஒழுகும். இரும்புத் தகட்டுச் சேம்பருக்கு வெல்டிங் கூலியும் ஒரு நாள் அலைச்சலும் சேர்த்துப் பார்த்தால் புதியதன் விலையோடு பெரிய வித்தியாசம் இருக்காது, கடையில் கேட்டுப் பாருங்கள். அலுமினிய வார்ப்புச் சேம்பர் உள்ள பெரிய கார்களில் கணக்கு வேறு, அது விலை அதிகம். அதில் நல்ல ஆர்கான் வெல்டர் கிடைத்தால் யோசிக்கலாம். எது என்று தெரியாதவர்கள் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. இன்னொன்று, வண்டியில் மாட்டியிருக்கும்போதே வெல்டிங் வைக்கிறேன் என்று எவராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உள்ளே ஆயில் புகை இருக்கும், அது வெடிக்கக்கூடிய சமாச்சாரம்.

எம்-சீல் வைத்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோல் டேங்க் ஓட்டைக்கு பார் சோப்பு தேய்ப்பது மாதிரி, அது வீடு வந்து சேருவதற்கான வைத்தியம். ஆனால் ஓடும் இன்ஜினில் ஆயில் சூடு 100 டிகிரியைத் தொடும், மூன்று சிலிண்டர் இன்ஜின் வேறு, அதிர்வுக்குக் கேட்கவா வேண்டும், ஒரு நாள் வில்லை கழன்று விழும். அது ஊருக்குள் விழுமா பைபாஸில் விழுமா என்பது உங்கள் அதிர்ஷ்டம். சேம்பரை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

சரி, மாற்றும் வேலை. மச்சான் சொன்ன மாதிரி போல்ட் கழற்றுவது பெரிய வித்தை இல்லை, பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர்தான். இந்த வேலையில் நேரம் எல்லாம் துடைப்பதில்தான் போகும், அதில் அவசரப்பட்டவர்கள்தான் இரண்டாம் முறை கழற்றுகிறார்கள்.

வண்டியை ஜாக்கில் மட்டும் தூக்கி அடியில் படுக்கவே படுக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் உடையும். சரியான ஸ்டாண்ட் நாலு வேண்டும், இல்லையென்றால் பக்கத்தில் குழி உள்ள பட்டறையில் ஒரு நாளைக்கு இடம் கேளுங்கள். இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள், கொதிக்கும்போது வேண்டாம், கை வெந்துவிடும். பொதுவாகச் சேம்பரை இறக்கும் வழியில் சைலன்சரின் முன் பைப்பும் கிளட்ச் ஹவுசிங்கின் அடித் தகடும் மறிக்கும், அவற்றை முதலில் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் சைலன்சர் நட்டுகள் துருப்பிடித்து இறுகி இருக்கும், முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வைத்துவிடுங்கள். (சில பெரிய கார்களில் சப்ஃபிரேம் என்கிற அடிச் சட்டத்தையே இறக்கினால்தான் சேம்பர் வெளியே வரும். அந்த வண்டிக்காரர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஸ்பேனரைத் தொட வேண்டாம்.)

ஒரு அட்டையில் சேம்பரின் வடிவத்தை வரைந்து, கழற்றுகிற போல்ட்டை அதே இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாம் ஒரே நீளம் என்று நினைப்போம், இருக்காது. போல்ட் எல்லாம் எடுத்த பிறகும் சேம்பர் விழாது, பழைய பசை பிடித்துக்கொண்டிருக்கும். அங்கேதான் எல்லாரும் திருப்புளியை விட்டு நெம்புவார்கள். நெம்பினால் இன்ஜின் பிளாக்கில் சேம்பர் ஒட்டும் முகத்தில் ஒரு கீறல் விழும். பிளாக் அலுமினியம் என்றால் கேட்கவே வேண்டாம், பிறகு அந்த இடம் ஆயுசுக்கும் கசியும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை ஓரத்தில் செருகி, ரப்பர் சுத்தியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள், விட்டுவிடும்.

இறங்கியதும் முதலில் சேம்பருக்குள் பாருங்கள். கரிய சேறு கொஞ்சம் இருக்கும், அது வயசு. காந்தத்தில் ஒட்டுகிற தூள், அல்லது வெயிலில் மினுங்குகிற தகட்டுத் துணுக்குகள் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், பேரிங் தேய ஆரம்பித்திருக்கலாம். ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவுங்கள், குழாய் வளைந்திருக்கிறதா, வலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், அது சேரும் இடத்தில் ஓ-ரிங் இருந்தால் புதிது போடுங்கள். அந்த ஓ-ரிங் வழியாகக் காற்று உறிஞ்சினால் புதுச் சேம்பர் போட்டும் பயனில்லை.

பிறகு பிளாக்கின் முகம். பழைய பசை ஒரு துளிகூட இருக்கக் கூடாது. சீக்கிரம் முடிய வேண்டும் என்று கிரைண்டரில் உராய்வு டிஸ்க் மாட்டித் தேய்க்காதீர்கள், அதிலிருந்து பறக்கும் அலுமினியம் ஆக்சைடு தூள் மேலே கிராங்க் என்கிற சுழலும் தண்டில் போய் உட்கார்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இதைச் செய்யாதே என்று தன் சர்வீஸ் ஆட்களுக்கே எச்சரிக்கை விட்டிருக்கிறது. பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டி, துணி, பிரேக் கிளீனர், அப்புறம் பொறுமை. நீங்கள் துடைக்கத் துடைக்க மேலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். என் வழக்கம், சாயங்காலம் இறக்கிவிட்டு இரவு முழுக்கச் சொட்ட விட்டுவிடுவேன், ஒட்டுகிற வேலை காலையில்தான்.

உங்கள் வண்டிக்குத் தனியாக கேஸ்கெட் வருகிறதா, பசை மட்டுமா என்று பார்ட்ஸ் கடையில் கேளுங்கள். பசை என்றால் ஆர்டிவி சிலிக்கான், நம் ஊர்க் கடைகளில் அனபாண்ட் என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாத ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக. அதற்கு மேல் வேண்டாம். நான் தொழில் பழகியபோது, கசியவே கூடாது என்று கேக்குக்குக் கிரீம் வைக்கிற மாதிரி வைத்து ஒட்டினேன். வெளியே ஒரு சொட்டு கசியவில்லை, எனக்கு ஒரே பெருமை. ஒரு மாதத்தில் அதே வண்டி ஆயில் லைட் எரிகிறது என்று திரும்பி வந்தது. கழற்றினால், உள்பக்கம் பிதுங்கின சிலிக்கான் புழு புழுவாகப் பிய்ந்து ஸ்ட்ரெய்னர் வலையில் அப்பிக் கிடந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை, அந்தப் புழுக்களை ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு என் டூல் பெட்டி மேல் வைத்துவிட்டார்.

பசை வைத்ததும் டீ குடிக்கப் போகாதீர்கள், சில நிமிஷத்தில் மேலே தோல் கட்டும். சேம்பரை நேராக ஏற்றி எல்லாப் போல்ட்டையும் விரலால் பிடிக்க வைத்து, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரும் புதிருமாக இறுக்குங்கள். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது மணிக்கட்டு பலம், தோள் பலம் இல்லை. டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவை வையுங்கள். அதிகமாக இறுக்கினால் நன்றாக அடையும் என்பது தப்புக் கணக்கு, தகடு ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே வாய் பிளக்கும்.

டியூபில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை நேரம் காத்திருந்துதான் ஆயில் ஊற்ற வேண்டும், ஓர் இரவு விட்டால் நிம்மதி. டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர், புது ஆயில் ஃபில்டர். ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் டேஷ்போர்டைப் பாருங்கள், சிவப்பு ஆயில் லைட் சில விநாடிக்குள் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப். அணைந்தால் பத்து நிமிஷம் ஓட விட்டு, கீழே டார்ச் அடித்துப் பார்த்து, நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்து டிப்ஸ்டிக்கில் அளவு பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்டாண்டும், இரண்டு நாள் வண்டி இல்லாமல் இருக்கும் வசதியும், மச்சானுக்குப் பொறுமையும் இருந்தால் செய்யுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பட்டறையில் விடுங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

செடான் கார், மூன்றரை வருடம் ஆகிறது. இரவில் பெயிண்ட் அடிக்காத ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டியது. சிவப்பு லைட் எரிந்தது, பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நாலு கிலோமீட்டர் ஓட்டினேன், இன்ஜின் நின்றது, திரும்பக் கிளம்பவில்லை. இன்சூரன்ஸ் சர்வேயர் சேம்பருக்கு மட்டும்தான் பணம், இன்ஜினுக்குக் கிடையாது என்கிறார். இது நியாயமா? – மதுரை வாசகர்

வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் இருப்பது சாதாரண பாலிசி என்றால் அவர் சொல்வது விதிப்படி சரி. சேம்பர் உடைந்தது விபத்து. அதற்குப் பிறகு ஆயில் இல்லாமல் ஓட்டி இன்ஜின் பிடித்தது விபத்தின் பின்விளைவு, அதைப் பாலிசி ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் என்று கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் பிரிவு இருந்தால்தான் வாய்ப்பு உண்டு, அதிலும் லைட் எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்று கேட்பார்கள். பாலிசித் தாளை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அந்தச் சிவப்பு லைட்டைப் பற்றிப் பல பேருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது, ஆயில் குறைவு, அடுத்த பங்கில் ஊற்றிக்கொள்ளலாம் என்று. அந்த லைட் பெரும்பாலான கார்களில் ஆயிலின் அளவைச் சொல்வதில்லை, அழுத்தம் போய்விட்டது என்று சொல்கிறது. 3000 ஆர்பிஎம் என்றால் கிராங்க் விநாடிக்கு 50 சுற்று சுற்றுகிறது, பேரிங்கைத் தொடாமல் அதைத் தாங்குவது முடியைவிட மெல்லிய ஆயில் படலம். அது போனால் உலோகத்தில் உலோகம் உரசும். பங்க் நாலு கிலோமீட்டரா நாலு நூறு மீட்டரா என்பது அதற்குத் தெரியாது. லைட் எரிந்தால் ஓரம் கட்டி ஆஃப் செய்துவிட்டு, டோயிங் வண்டிக்குப் போன் போடுங்கள்.

சேம்பர் மட்டும் அடிபட்ட மற்றவர்களுக்கு ஒரு கணக்கு. கிளைம் போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. மூன்று வருடம் தாண்டி நான்குக்குள் இருக்கும் வண்டியில் உலோகப் பாகத்துக்குத் தேய்மானம் 25 சதவீதம் கழிப்பார்கள், பம்பர்-டு-பம்பர் என்கிற தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்திருந்தால் கழிக்க மாட்டார்கள். 1500 சிசி வரை கட்டாயப் பிடித்தம் 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. சேம்பர் விலை 6000 என்று வைத்துக்கொண்டால் 1500 தேய்மானம், 1000 பிடித்தம் போகக் கைக்கு வருவது 3500. கூலியில் தேய்மானம் இல்லை, அது தனி. ஆனால் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பூஜ்யம். ஓன் டேமேஜ் (சொந்த வண்டியின் சேதத்துக்கான) பிரீமியம் 8000 என்றால், நாலாவது வருடம் கிடைக்கவேண்டிய 45 சதவீதம், அதாவது 3600 ரூபாய், அடுத்த ரினியூவலிலேயே போய்விடும், மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். பில்லைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் தினமும் ரூபாய்க் காசு அளவுக்கு எண்ணெய்க் கறை. மெக்கானிக் சேம்பரை மாற்றச் சொல்கிறார். எங்கும் அடிபட்ட மாதிரித் தெரியவில்லை. மாற்றத்தான் வேண்டுமா? – நாகர்கோவில் வாசகி

அவசரப்படாதீர்கள். சேம்பர்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது, ஆகவே மேலே எங்கே கசிந்தாலும் கடைசியில் அதன் நுனியில்தான் சொட்டும். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி), ஆயில் ஃபில்டர், பிரஷர் சுவிட்ச், கிராங்கின் முன் பின் ஆயில் சீல்கள், இவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். இன்ஜினின் அடிப்பகுதியை நன்றாகக் கழுவித் துடைத்துக் காய வைத்து, முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவச் சொல்லுங்கள். ஒரு நாள் ஓட்டிவிட்டுப் பார்த்தால் வழிந்த தடம் பவுடரில் கோடாகத் தெரியும், கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. டேப்பட் கவர் பேக்கிங் என்றால் பல வண்டிகளில் அரை மணி நேர வேலை. ஆனால் நீங்கள் கடலுக்குப் பக்கம், உப்புக் காற்றில் இரும்புச் சேம்பர் வெளியிலிருந்தே அரித்து ஊசித் துளை விழுவதும் உண்டு. துரு செதில் செதிலாக உரிந்தால் மெக்கானிக் சொன்னது சரி. செலவு சேம்பருக்கா சீலுக்கா என்பது பவுடர் கோட்டைப் பார்த்த பிறகு.

ஆயில் மாற்றும் இடத்தில் டிரெயின் பிளக்கை மெஷின் வைத்து இறுக்கி மரை போய்விட்டது. டெஃப்லான் டேப் சுற்றி மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டலாமா? – கரூர் வாசகர்

வேண்டாம். அது தண்ணீர்க் குழாய்க்கு. பிளக்கின் மரை போயிருந்தால் பிளக் மட்டும் மாற்றினால் தீர்ந்தது, சேம்பர் பக்கத்து மரை போயிருந்தால் லேத்தில் கொடுத்து மரை இன்சர்ட் போடலாம், இரும்புத் தகடு என்றால் புதுச் சேம்பரே உத்தமம். அடுத்த முறை பிளக்கைக் கையால் நாலு சுற்றுச் சுற்றச் சொல்லி, பிறகு ஸ்பேனர் வைக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று.

எங்கள் ஊர் ஸ்பீட் பிரேக்கர்களுக்கு சம்ப் கார்டு என்கிற காப்புத் தகட்டைச் சேம்பருக்கு அடியில் மாட்டினால் தப்பிக்கலாமா? – திருப்பூர் வாசகர்

சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 1988-ல் போட்ட கணக்குப்படி ஸ்பீட் பிரேக்கரின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படி இருந்தால் எந்தக் காரும் தட்டாது. நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் மேடு பெரும்பாலும் அகலமே இல்லாமல் சுவர் மாதிரி நிற்கிறது. அதில் தட்டினால் கார்டு சின்னக் கல்லைத் தாங்குகிற மாதிரி தாங்காது, அடியைச் சேம்பருக்கே தள்ளிவிடும் கார்டுகளும் உண்டு. மாட்டுவதானால் சேசிஸில் போல்ட் ஆகும், சேம்பருக்கும் தகட்டுக்கும் விரல்கடை இடைவெளி உள்ள, டிரெயின் பிளக்குக்கு ஓட்டை விட்ட தகடாகப் பாருங்கள்.

காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஆல்ட்டோவுக்கு 160 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி) என்று போட்டிருப்பது ஆள் ஏறாத வண்டிக்கு. ஐந்து பேர் ஏறினால் அது இல்லை. அதற்கு மேல், மேட்டின் மீது ஏறும்போதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால் மூக்கு இன்னும் தாழும். முன்னாலேயே பிரேக் பிடித்து, சக்கரம் மேட்டைத் தொடும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். மேடு ரொம்ப மோசம் என்றால் பின்னால் இருக்கும் இருவரை இறங்கி நடக்கச் சொல்லுங்கள், மாமியாராக இருந்தால் உங்கள் சாமர்த்தியம்.

மகன் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறான். அதில் சேம்பரே இல்லையாமே? – சேலம் வாசகர்

இல்லை. ஆனால் அடியில் முழுக்க பேட்டரி இருக்கிறது. கல் பலமாக இடித்தால் சொட்டு விழவில்லையே என்று விட்டுவிடாமல், லிஃப்டில் ஏற்றி பேட்டரியின் அடித் தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.